காணாமல் போன வீடியோவை எடுத்தது அரசா, கம்பெனியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மேலூர் பக்கத்தில் உங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் மண் என்று அனுமதி வாங்கிக்கொண்டு கிராவல் அள்ளுகிறார்கள். ராத்திரி டிப்பர் போவதைப் படம் எடுத்து யூடியூபில் போட்டீர்கள். ஊரில் நிறையப் பேர் பார்த்தார்கள், ஷேர் செய்தார்கள். மூன்றாம் நாள் திறந்தால் வீடியோ வரவில்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து சொல்லி எடுத்துவிட்டார்கள் என்கிறார் ஒருவர். காண்ட்ராக்டர் ஆட்கள் கூட்டமாக ரிப்போர்ட் அடித்தார்கள் என்கிறார் இன்னொருவர். எடுத்தது அரசா, கம்பெனியா, யாரிடம் போய்க் கேட்பது என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. எழுதாத கேள்வி ஒன்றும் அதற்குள் இருக்கிறது: என் மேல் கேஸ் வருமா? "நான் தப்பா எதுவும் பேசலை" என்று மறுபடி மறுபடி எழுதியிருப்பதில் அந்தப் பயம் தெரிகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசு நடவடிக்கையை எதிர்க்கும் ரிட் மனுக்களும் குற்றவியல் மனுக்களும் நடத்தும் வக்கீல். முகநூல் பதிவு, வாட்ஸ்அப் ஃபார்வர்டு, யூடியூப் வீடியோ என்று மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். கம்பெனிக்குள் எந்த மெஷின் எதைப் பார்த்து எப்படி முடிவெடுக்கிறது என்பது என் படிப்பு கிடையாது. உங்கள் வீடியோவை எடுத்தது யார் என்பதையும் இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதல் வேலை அதுதான். காரணம் தெரியாமல் போட்ட மனு பெரும்பாலும் நிற்பதில்லை.

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுத்து விடாமல் படியுங்கள். "வீடியோ வரவில்லை" என்பது போதாது. தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவால் இந்த நாட்டில் கிடைக்காது என்ற பொருளில் வாசகம் இருந்தால், அது அரசு உத்தரவு. நீதிமன்ற உத்தரவு என்று இருந்தால் எங்கோ ஒருவர் வழக்குப் போட்டு வாங்கியிருக்கிறார். காப்புரிமை (காப்பிரைட்) என்றால் புகார் கொடுத்தவர் பெயரும் பெரும்பாலும் கூடவே இருக்கும். தளத்தின் விதிகளை மீறியது என்று இருந்தால், கணக்கில் அது கம்பெனியின் சொந்த முடிவு. அப்புறம், சேனல் தொடங்கும்போது கொடுத்த ஜிமெயிலைத் திறந்து பாருங்கள். எடுத்ததற்கான காரணம் அங்கேதான் வரும். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்த மெயிலைத் திறந்ததே இல்லை. செல்போன் கடைப் பையன் தொடங்கிக் கொடுத்த ஐடியாக இருக்கும், பாஸ்வேர்டும் அவனிடமே இருக்கும். போய் வாங்கி வாருங்கள்.

இன்னொரு சோதனை சுலபம். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அந்த லிங்கை அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால், இந்தியச் சட்டத்தைக் காட்டி இங்கே மட்டும் மறைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். எங்கேயும் ஓடவில்லை என்றால் கம்பெனி விதி, காப்புரிமைப் புகார், அல்லது உங்கள் ஐடிக்குள் வேறு யாரோ புகுந்து அழித்தது என்ற மூன்றில் ஒன்றாக இருக்கக்கூடும். இதை வைத்து நூற்றுக்கு நூறு தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியும்.

இப்போது அரசு எந்த வழியில் எடுக்க முடியும் என்று பார்ப்போம். முதல் வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2008 திருத்தத்தில் வந்தது, 2009-இல் நடைமுறை விதிகளோடு அமலானது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, ராணுவம், வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, இவை சம்பந்தப்பட்ட குற்றத்துக்குத் தூண்டுதல் என்ற காரணங்களுக்கு மட்டும்தான் இதன் கீழ் முடக்கலாம். அவதூறு இந்தப் பட்டியலில் கிடையாது. அதிகாரிக்குச் சங்கடம் என்பதும் கிடையாது. மாநிலத்திலிருந்து கோரிக்கை போவதானால் தலைமைச் செயலாளர் ஒப்புதலோடு நியமிக்கப்பட்ட அதிகாரி வழியாக டெல்லிக்குப் போக வேண்டும். அங்கே இணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாதவர்கள் இருக்கும் குழு பார்க்க வேண்டும். பதில் சொல்ல 48 மணி நேரமாவது கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவிடம் கொண்டுபோகலாம். ஆகவே கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு போன் போட்டு 69ஏ-இல் வீடியோவை எடுத்தார்கள் என்பது சட்டப்படி நடக்கக்கூடியதல்ல. கண்மாய் மண் வீடியோவை அந்தக் காரணங்களில் எதற்குள்ளும் அடக்குவது கஷ்டம். "பொது ஒழுங்கு" என்ற சொல்லை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கிறார்கள் என்பதும் உண்மை, அதனால் வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் வழிதான் இப்போது கவலைப்பட வேண்டியது. அதே சட்டத்தின் 79ஆம் பிரிவு, மற்றவர்கள் போடுவதற்குத் தளம் பொறுப்பாகாது என்று கம்பெனிக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. ஆனால் இது சட்டவிரோதம் என்று அரசோ அதன் அமைப்போ தெரிவித்த பிறகும் எடுக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று 79(3)(பி) சொல்கிறது. 2021-இல் புதிய விதிகள் வந்தபோது எடுப்பதற்கான கெடு 36 மணி நேரம். இங்கே 69ஏ-இல் இருக்கிற மாதிரி குழு கிடையாது, போட்டவருக்கு நோட்டீஸ் கிடையாது, காரணங்களின் பட்டியலும் ரொம்ப அகலம், அவதூறு வரைக்கும் உண்டு. இந்த நோட்டீஸ்களை அனுப்பவே மத்திய உள்துறை 2024 அக்டோபரில் சஹ்யோக் என்ற இணைய வாசலைத் தொடங்கியது. மத்திய அமைப்புகளோடு மாநில போலீசும் அதன் வழியாக நோட்டீஸ் அனுப்பலாம். இதை எதிர்த்து எக்ஸ் (முன்பு ட்விட்டர்) நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2025 செப்டம்பர் 24 அன்று நீதிபதி நாகபிரசன்னா அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். எக்ஸ் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. அது பக்கத்து மாநிலத்தின் தனி நீதிபதி தீர்ப்பு. மதுரைக் கிளையில் அதைக் காட்டலாம், ஆனால் நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. அதனால் இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 15 முதல் ஒரு திருத்தம் அமலில் இருக்கிறது. இந்த நோட்டீஸை இணைச் செயலாளர் மட்டத்து அதிகாரியோ, போலீஸ் என்றால் அதற்கென்று அதிகாரம் பெற்ற டி.ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாதவரோதான் அனுப்ப வேண்டும். எந்தச் சட்டம், எந்த லிங்க், என்ன காரணம் என்று எழுத வேண்டும். ஆகவே ஒரு இன்ஸ்பெக்டர் தன் மெயிலிலிருந்து "இதை எடுங்கள்" என்று அனுப்பினால் அது சட்டப்படியான நோட்டீஸ் ஆகாது. இதை நினைவில் வையுங்கள், மனு எழுதும்போது உதவும்.

சட்டம் இவ்வளவு நிபந்தனை சொல்கிறதே, கம்பெனி ஏன் எதிர்த்துக் கேட்பதில்லை என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 69ஏ உத்தரவை மீறினால் பொறுப்பானவருக்கு 7 வருடம் வரை சிறை. 79-இல் பாதுகாப்பு போனால், கோடிக்கணக்கான பேர் போடும் எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்ல வேண்டி வரலாம். மேலூர்க்காரர் ஒருவருடைய நாலு நிமிட வீடியோவை எடுப்பதால் கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. வைத்திருந்தால்தான் வம்பு. எதிர்த்துப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதும் எல்லாருக்கும் தெரியும். 39 லிங்குகளை முடக்கிய உத்தரவுகளை எதிர்த்து அன்றைய ட்விட்டர் 2022-இல் வழக்குப் போட்டது. 2023 ஜூன் 30 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியதோடு 50 லட்சம் ரூபாய் கட்டவும் சொன்னது. இதைப் பார்த்த மற்ற கம்பெனிகள் என்ன முடிவுக்கு வரும்? அதனால்தான் "அரசா, கம்பெனியா" என்ற உங்கள் கேள்விக்குப் பல நேரம் ஒற்றை வார்த்தையில் பதில் வராது. கை கம்பெனியுடையது. அந்தக் கையை யார் அசைத்தார்கள் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

அப்படித் தெரியாமல் வைப்பதைத்தான் இந்த ஏற்பாட்டின் பெரிய அநியாயம் என்பேன். 69ஏ-க்கான 2009 விதிகளில் 16ஆம் விதி, கோரிக்கையையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் இதைக் காட்டியே மறுக்கிறார்கள். இத்தனைக்கும் 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 69ஏ-ஐ செல்லும் என்று சொன்னதற்குக் காரணமே அதில் உள்ள பாதுகாப்புகள்தான். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை ரிட் மனுவில் எதிர்க்கலாம், பதிவு போட்டவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உத்தரவே கைக்கு வராதவர் எதை எடுத்துக்கொண்டு ரிட் போடுவார்? வரதட்சணையைக் கிண்டல் செய்து ஒருவர் நடத்திய இணையதளத்தை முடக்கினார்கள். தளத்தின் உரிமையாளருக்கு உத்தரவின் நகலைக் கொடுத்து அவரை விசாரியுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2022 மே மாதம். தளம் முடங்கியது 2018-இல். ஒரு நகல் வாங்க அத்தனை காலம்.

நம் மாநிலத்தில் எல்லாருக்கும் தெரிந்தது விகடன் விஷயம். கையில் விலங்கோடு பிரதமர் அமெரிக்க அதிபர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக ஒரு கார்ட்டூன் 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இணைய இதழில் வந்தது. பிப்ரவரி 15 சாயங்காலம் தளமே திறக்கவில்லை. நோட்டீஸ் வந்தது அதற்கப்புறம். ஒரு படத்துக்காக, பல வருடக் கட்டுரைகள் இருந்த மொத்தத் தளமும் போனது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறந்துவிடச் சொன்னது. விகடனுக்கு மூத்த வக்கீல்கள் உண்டு, வாசகர்கள் உண்டு, மறுநாளே எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அவர்களுக்கே கிட்டத்தட்ட மூன்று வாரம் என்றால் உங்களைப் போன்றவர்களின் நிலைமையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மதுரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2019 ஏப்ரல் 3 அன்று மதுரைக் கிளை டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை செய்யச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அது மதுரையோடு நிற்கவில்லை. கூகுளும் ஆப்பிளும் இந்தியா முழுக்கத் தங்கள் கடையிலிருந்து செயலியை எடுத்துவிட்டன. ஏப்ரல் 24 அன்று இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றமே தடையை நீக்கியது. அடுத்த வருடம் ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளை 69ஏ-இல் முடக்கியது. மதுரையில் திறந்த கோர்ட்டில் வாதம் நடந்தது, உத்தரவு எல்லார் கையிலும் இருந்தது. முதல் உத்தரவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஏன் என்று தெரிந்தது, மூன்று வாரத்தில் திருத்தவும் முடிந்தது.

ஒரு வீடியோவை எடுப்பதற்குப் பதில் மொத்த இணையத்தையும் நிறுத்துவதும் நம் பக்கம் நடந்திருக்கிறது. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உள்துறை உத்தரவு போட்டது, தொலைபேசிக் கம்பெனிகள் நிறுத்தின. யார் செத்தார்கள், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய நேரம் அது. இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று சொன்னது.

மூன்றாவது வழி சிவில் கோர்ட். பணம் இருக்கிறவர் ஏதோ ஒரு ஊரில் மானநஷ்ட வழக்குப் போட்டு, எதிர்த் தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு வாங்கிவிடுகிறார். 2025 செப்டம்பரில் அதானி நிறுவனம் டெல்லியில் அப்படி ஓர் உத்தரவு வாங்கியது. அதைக் காட்டி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 138 யூடியூப் லிங்குகளையும் 83 இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. தனியார் ஒருவருடைய சிவில் உத்தரவை நிறைவேற்ற அரசு முன்னால் வந்து நின்றது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டே நாளில், நான்கு பத்திரிகையாளர்களின் மேல்முறையீட்டில் மாவட்ட நீதிபதி அவர்களைப் பொறுத்தவரை உத்தரவை ரத்து செய்தார். விசாரிக்காமல் இப்படித் தடை கொடுக்கக் கூடாது என்று புளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. உங்கள் விஷயத்தில் மண் காண்ட்ராக்டர் இவ்வளவு தூரம் போயிருப்பாரா என்பது சந்தேகம். ஆனாலும் திரையில் நீதிமன்ற உத்தரவு என்று இருந்தால், எந்த நீதிமன்றம், என்ன வழக்கு எண் என்று கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள்.

காப்புரிமை என்று இருந்தால் விஷயம் சின்னது. பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டிருந்தால் அந்தக் காரணமே போதும். யாராவது பொய்யாக "இது என் வீடியோ" என்று புகார் கொடுத்திருந்தால் எதிர் அறிவிப்பு கொடுக்க யூடியூபிலேயே வழி உண்டு. ரிப்போர்ட் அடித்ததால் போயிற்றா என்பதைப் பொறுத்தவரை, எத்தனை பேர் அடித்தார்கள் என்பதால் மட்டும் வீடியோ போகாது என்றுதான் கம்பெனிகள் சொல்கின்றன. ஆனால் கூட்டமாக வரும் ரிப்போர்ட் ஒரு வீடியோவைப் பரிசீலனைக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம். பரிசீலிக்கிற மெஷினுக்கோ ஆளுக்கோ நம் ஊர்த் தமிழ் எவ்வளவு புரியும் என்பது வேறு கேள்வி. ராத்திரி, லாரி, நாலு பேர் சத்தம், "வெட்டுறாங்க, வெட்டுறாங்க" என்று ஒரு குரல். கண்மாயை வெட்டுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அது கொலைவெறி வீடியோ.

ஆனால் கிராமங்களில் நான் அதிகம் பார்த்தது இதில் எதுவும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து வரும் போன்தான். உசிலம்பட்டி பக்கத்துப் பால்காரர் ஒருவர் ஊர்ச் சாலை வேலை பற்றி ஒரு வீடியோ போட்டுவிட்டு என்னிடம் வந்தார். அவருக்கு வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு, அவ்வளவுதான்: "அந்த வீடியோவ எடுத்துரு, காலைல ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ." எடுத்துவிட்டார். போனில் இருந்த மூலப் பிரதியையும் சேர்த்து அழித்துவிட்டார், பயத்தில் அந்தக் குரல் பதிவையும் அழித்துவிட்டார். எந்த உத்தரவை எதிர்த்து நான் மனுப் போடுவது? உத்தரவு இல்லை, நோட்டீஸ் இல்லை, அவர் பேசியது என்ன என்பதற்கே இப்போது சாட்சி இல்லை. எந்தக் கணக்கிலும் இது முடக்கம் என்று வராது, அவரே எடுத்ததாகத்தான் இருக்கும். 69ஏ, சஹ்யோக் என்று பெரிய பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இதை விட்டுவிடக் கூடாது. உங்களுக்கும் அப்படி ஏதாவது போன் வந்திருந்தால், அல்லது உங்கள் பாஸ்வேர்டு தெரிந்த யாருக்காவது வந்திருந்தால், தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, கேஸ் வருமா? வராது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. எஃப்.ஐ.ஆர். போடுவது சுலபம், அது நிற்பதுதான் கஷ்டம். எழுதியதற்காக ஆளைப் பிடிக்கப் பயன்பட்ட 66ஏ பிரிவை 2015-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021-இல் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்விட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலை பயணம் என்று விளையாட்டாக எழுதி முகநூலில் போட்டோ போட்டார். வாடிப்பட்டி போலீஸ் அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கத் தயாரானதாகப் பிரிவு போட்டுக் கைது செய்தது. வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் அவரை ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கையே ரத்து செய்தார். அந்த மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டிருந்தால் மனிதர் உள்ளே போயிருப்பார், ரத்து அதற்கப்புறம்தான் வந்திருக்கும். அதனால்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குக் குறையாமல் ரிமாண்ட் மறுத்த அந்த உத்தரவையும் நான் மதிக்கிறேன். 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம், பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகாரில் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால், எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே முறை என்றது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 35(3) பிரிவில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் முறைப்படி வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள், வக்கீலோடு போங்கள்.

நீங்கள் வீடியோவில் சொன்னதில் எதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டிப்பர் போவது படத்தில் இருக்கிறது, அது நிற்கும். தாசில்தார் காசு வாங்கினார் என்று பெயர் சொல்லியிருந்தால், அதற்கு உங்கள் கையில் ஆதாரம் இல்லாவிட்டால், அந்த வரி உங்களுக்கு ஆபத்து. அவதூறு, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 356-இல் இன்னும் குற்றம்தான்.

எல்லாவற்றையும் எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் இன்னொரு வகை உண்டு. கல்லூரிப் பெண்ணின் முகத்தை ஒட்டி யாரோ படம் போட்டிருப்பார்கள், அப்பா கையில் போனைப் பிடித்தபடி பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார். அதை ஒரு மணி நேரத்தில் எடுத்தாலும் தாமதம்தான். சாதிக் கலவரத்தைத் தூண்டுகிற பொய் வீடியோவும் அப்படித்தான். அங்கே வேகம் தேவை. அந்த வேகத்துக்காகச் செய்த ஏற்பாட்டை கண்மாய் மண்ணைக் கேட்கிறவர் மேல் திருப்பும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலத்தை எதிர்த்து உங்கள் பகுதி ஜனங்கள் நின்று, 2025 ஜனவரியில் மத்திய அரசே அதை ரத்து செய்ததைப் பார்த்தோம். மேலூரில் நடந்தது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது கையில் இருந்த போன் வழியாகவும்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. போனில் இருக்கும் மூல வீடியோவை எடிட் செய்யாமல் வேறு இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள், அந்தப் போனை விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்டப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் 63(4) சான்றிதழுக்கு அது வேண்டும். திரை வாசகம், மெயில் எல்லாவற்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யூடியூபிலேயே மேல்முறையீடு கொடுங்கள். கூடவே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, எந்தச் சட்டப் பிரிவில், யார் சொல்லி எடுத்தீர்கள், உத்தரவின் நகல் தாருங்கள் என்று கேளுங்கள். 7 நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும்; 2026 பிப்ரவரி வரை இது 15 நாளாக இருந்தது. தன் சொந்த விதியை வைத்து எடுத்திருந்தால், 50 லட்சத்துக்கு மேல் பயனாளிகள் உள்ள தளம் காரணத்தைச் சொல்லி உங்கள் பதிலையும் கேட்க வேண்டும் என்று 2021 விதிகளின் 4(8) சொல்கிறது. பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே மனு செய்யலாம். அந்தக் குழுவை நியமிப்பது மத்திய அரசு. எனவே கம்பெனியின் சொந்த முடிவு என்றால் அங்கே போய்ப் பாருங்கள், அரசு உத்தரவு என்றால் அங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

அரசு உத்தரவு என்று தெரிந்தால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் ரிட் போடலாம். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மேலூரிலிருந்து போட்டீர்கள், மேலூரில் அது மறைந்தது, வழக்குக்கான காரணம் இங்கேயும் எழுந்திருக்கிறது என்று ஒத்தக்கடையில் இருக்கும் மதுரைக் கிளையிலேயே வாதிடலாம். முதல் கோரிக்கையாக உத்தரவின் நகலைக் கேளுங்கள், வீடியோவைத் திரும்ப வைப்பது இரண்டாவது. கம்பெனி தானே எடுத்தது என்றால் ரிட் நிற்குமா என்பது சந்தேகம். 19, 21ஆம் பிரிவு உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்று கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரி 3 அன்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். ஆனால் சமூக ஊடகக் கம்பெனிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று தீர்மானமான விடை இன்னும் இல்லை. என்னிடம் வந்தால் அதை மட்டும் நம்பி வழக்குப் போடச் சொல்ல மாட்டேன்.

அதே வீடியோவை மறுபடி ஏற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். காரணம் தெரிகிறவரை வேண்டாம். காப்புரிமை மீறலுக்கு யூடியூப் போடும் ஸ்ட்ரைக் 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அவமதிப்பு வரும். அதற்கிடையில் கண்மாய் விஷயத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். வீடியோவை பென் டிரைவில் போட்டு, கலெக்டருக்கும் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் எண் கிடைக்கும். திரையில் என்ன வாசகம் இருக்கிறது, மெயிலில் என்ன வந்திருக்கிறது என்பதை, உங்கள் பெயர், ஐடி எல்லாம் மறைத்துவிட்டு, அப்படியே இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த மனு என்று சொல்கிறேன்.